கொழுப்பு நிரம்பிய பள்ளிக்கூடம்

மாந்தோப்பில் ஒரு முசுறு எறும்புக் கூடு இருந்தது. இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு. தைக்கும் நூலைக் கக்குவது உள்ளே வளரும் புழுப் பிள்ளைகள்.

கூட்டுக்கு வயதாகிவிட்டது. வாசல் காவலர்களின் தலைவன் தாடையனுக்கும்தான். எப்போதோ ஒரு பல்லியை விரட்டியிருந்தான். அந்த ஒரு கதையை வைத்தே காலத்தை ஓட்டினான்.

ஓர் இலை மடிப்பில் காவலர் பள்ளிக்கூடம் நடந்தது. எது நம் வாசனை, எது அந்நிய வாசனை என்று இளசுகள் அங்கேதான் பழகின. சொந்தத்தைக் கடிப்பவனை அங்கேயே கழித்துவிடுவார்கள்.

"பல்லிய அடிச்ச நான் இருக்கையில பள்ளிக்கூடம் எதுக்கு?" என்று தாடையன் அதை மூடினான். அந்த இடத்தில் தீனிக்கான கொழுப்பு உருண்டைகளை அடைத்து வைத்தான்.

புழுக்களை வளர்க்கும் செந்தி கேட்டாள்: "ஏண்ணே, பல்லியத் தவிர வேற எதிரியே பொறக்க மாட்டானா?"

"பல்லியவே அடிச்சவனுக்குப் பாடம் எடுக்குறியா? போ, புழுவுக்குச் சோறூட்டு."

ஒருநாள் எறும்பு வேடத்தில் ஒரு சிலந்தி வந்தது. முன்கால்களைத் தூக்கி எறும்பின் மீசைபோல ஆட்டியது. தாடையன் மோந்து பார்த்தான். "பல்லி வாடை இல்ல. உள்ள விடு."

அந்த நேரம் வீட்டு இளசு ஒன்று புங்கம்பூத் தேனோடு திரும்பியது. "புது வாடை அடிக்குதுடா!" என்று பள்ளிக்கூடம் போகாத காவலர்கள் பாய்ந்து அதன் காலைத் துண்டாக்கினார்கள்.

செந்தி ஓடி வந்தாள். "அது நம்ம பிள்ளைய்யா! திருடன் உள்ள நிக்கிறான்!"

நாலைந்து காவலர்கள் சிலந்தியின் பக்கம் திரும்பினார்கள். உடனே சாந்தப்பன் கூட்டம் குறுக்கே வந்தது. சண்டை முடிந்ததும் காவலர்களை அடக்குவது அதன் வேலை. வர வர அந்தக் கூட்டம்தான் பெருத்திருந்தது.

"அடங்குங்கப்பா, சண்டை முடிஞ்சுது."

"ஆரம்பிக்கவே இல்லையே, பாவி!" என்றாள் செந்தி.

சிலந்தி ஒரு புழுவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. தாடையன் மரியாதையாக ஒதுங்கினான். "வழி விடுங்கப்பா, பாரத்தோட போறாரு."

சிலந்தி தினமும் வந்தது. செந்தியின் தொட்டில் காலியானது. ஆடிக் காற்றில் கூடு கிழிந்தது. தைக்க நூல் இல்லை. கொழுப்பு உருண்டைகள் கீழே கொட்டின. அவற்றைத் தின்ன ஒரு பல்லி வந்தது.

"பல்லி! பல்லி!" என்று குதித்தான் தாடையன், காக்க வீடில்லாத காவலன்.

மூப்பில் நம் உடம்பிலும் நோயை எதிர்க்கும் காவல் அணுக்களைப் பழக்கும் நெஞ்சுச் சுரப்பி இப்படித்தான் கொழுப்பாகிவிடுகிறது. ஆனால் அது இயற்கை; தாடையன் செய்தது திமிர்.

பழைய வெற்றியையே காவலுக்கு நிறுத்திப் புதியவரைப் பழக்காதவன், எதிரிக்கு வழிவிட்டுச் சொந்தப் பிள்ளையைக் கடிப்பான்.