எல்லோர் வாயிலும் அஞ்சறை

அரசவைப் புலவர் குழைக்காதர் தம் மனைவி செண்பகத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வைத்தியசாலைக் கட்டிலில் சாய்ந்தபடி, அன்று காலை அவர் எழுதியிருந்த விளம்பர வரியைப் படித்தாள். ‘அஞ்சறை இருக்க அஞ்சுவதேன்?’ சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

“இதைப் படிச்சுட்டு எவ சந்தா கட்டுவா? நான் கட்டறதே உங்க முகத்துக்காகத்தான்” என்றாள்.

அவர் கஞ்சி வாங்கப் போனார். திரும்பி வந்தபோது கஞ்சிதான் சூடாக இருந்தது.

செங்கழனி நாட்டில் கோட்டை உண்டு, யானை உண்டு, மன்னர் மாறவேலருக்குச் சொந்தமாக ஒரு மென்பொருள் கம்பெனியும் உண்டு. கதை என்று வந்துவிட்டால் இதையெல்லாம் நோண்டக் கூடாது. அந்த மென்பொருளின் பெயர் அஞ்சறை. அடுக்களையில் எது தீரப்போகிறது என்று கைபேசியில் சந்தாக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லும். அதற்கு மாதாமாதம் சந்தா. உளுந்து தீர்ந்ததை உளுந்து டப்பாவே சொல்லுமே என்று யோசித்தவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருந்தார்கள்.

மன்னருக்குக் கவலை வந்தது. புலவரைக் கூப்பிட்டார்.

“நம் கம்பெனிக்கு ஒரு பிராண்ட் வேண்டும், குழைக்காதரே. ஆடிப்பெருக்குக்குள் நாட்டில் எல்லோர் வாயிலும் நம் பெயர் இருக்க வேண்டும். உள்ளே வந்தவர் ஒருவரும் வெளியே போகக் கூடாது. முடியாவிட்டால் அரண்மனை கொடுத்த வீட்டை நீர் காலி செய்ய வேண்டியதுதான்.”

அந்த வீட்டு அடுக்களையில் டப்பாக்கள் இன்னும் செண்பகம் வைத்த வரிசையில்தான் இருந்தன. எதில் என்ன இருக்கிறது என்று புலவருக்குத் தெரியாது. சர்க்கரை என்று உப்பைப் போட்டுக் காபியைக் குடித்துவிட்டு, ஊழ்வினை என்று வெண்பா எழுதிய மனிதர் அவர்.

தம்மால் ஆனதைச் செய்தார். கிளிக்கு விளம்பர வரியைச் சொல்லிக்கொடுத்தார். கிளி அவருடைய தும்மலை மட்டும் கற்றுக்கொண்டது. பட்டத்து யானையின் நெற்றியில் கம்பெனி முத்திரையை வரையச் சொன்னார். யானை நேராக ஆற்றுக்குப் போய்விட்டது.

இதற்காகவே காத்திருந்தவர் போல மந்திரி நயனப்பர் எழுந்தார். புலவருக்குப் பாட்டு வராது என்பது தெரிந்ததுதான், வியாபாரமும் வராது என்பது இப்போது தெரிந்துவிட்டது என்றார். அவருடைய யோசனை எளியது. உள்ளே வரும் கதவை அகலமாக வைப்பது, வெளியே போகும் கதவை ஒளித்து வைப்பது. சந்தாவை நிறுத்த வருகிறவரைக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பது. கடைசியில் ஓர் அதிகாரியோடு பேசச் சொல்வது. அந்த அதிகாரி எப்போதும் சாப்பிடப் போயிருப்பார்.

மன்னர் மகிழ்ந்தார். விலகியவர் கணக்கு ஒரே நாளில் நின்றுபோனது. யாராலும் விலக முடியவில்லை.

மறுவாரம் சந்தையில் கீரைக்காரி, புலவர் அரண்மனை ஆள் என்று தெரிந்ததும், கீரைக்குத் தெளிக்கிற தண்ணீரை அவர் மேலேயே தெளித்தாள்.

“என் வீட்டுக்காரனைக் கூட நிறுத்திப்புட்டேன் சாமி. உங்க சந்தாவை நிறுத்த முடியல.”

ஈரத் துண்டோடு வீடு திரும்பும் வழியெல்லாம் புலவர் யோசித்துக்கொண்டே வந்தார்.

ஆடிப்பெருக்கு அன்று சபையில் சித்திரான்ன விருந்து. புலவர் மன்னரிடம் ஒரு வரம் கேட்டார். பிராண்ட் என்றால் கம்பெனிக்கும் அரண்மனைக்கும் ஒரே முகம் இருக்க வேண்டும், ஆகையால் இன்று ஒரு நாள் கம்பெனி விதியே சபை விதியாகட்டும் என்றார். நயனப்பர் பெருமை தாங்காமல் தாமே முத்திரை வைத்துக் கொடுத்தார்.

விருந்தில் புளியோதரை காரம். மன்னர் பானகம் கேட்டார். புலவர் ஒரு பாட்டுப் பாடி ஒரு குவளை கொடுத்தார். குடித்தால் பாட்டு நிற்கும் என்று மன்னர் அதை ஒரே மடக்கில் குடித்தார். அடுத்த பாட்டுக்கு அடுத்த குவளை. சற்று நேரத்தில் மன்னர் அரியணையில் நெளிந்தார். பிறகு எழுந்து விரைந்தார். வாசலில் காவலர் வேல்களைக் குறுக்கே நீட்டினார்கள்.

“மகாராஜா, உண்மையிலேயே எங்களை விட்டுப் போகிறீர்களா?” என்றான் மூத்த காவலன்.

“ஆமாம், வழி விடு.”

“போனால் சாமரக் காற்றையும் புலவர் பாட்டையும் இழப்பீர்கள். சம்மதமா?”

“பாட்டை இழக்க முழுச் சம்மதம்.”

“போவதற்குக் காரணம்? சபை பிடிக்கவில்லையா, வேறு சபைக்குப் போகிறீர்களா, மற்றவையா?”

மன்னர் கால் மாற்றி நின்றார். மற்றவை என்றார் மெல்ல.

“மற்றவை என்றால் எல்லோருக்கும் கேட்கும்படி விவரமாகச் சொல்ல வேண்டும் மகாராஜா.”

திரைக்குப் பின்னால் ராணியின் வளையல்கள் குலுங்கின. இன்னும் ஒரு மாதம் இலவசமாக உட்கார்ந்திருக்கலாமே என்று காவலன் சலுகை கொடுத்தான். மன்னர் வேண்டாம் என்றார். அப்படியானால் கதவு அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றான். அதிகாரி எங்கே என்று மன்னர் பல்லைக் கடித்தார். சாப்பிடப் போயிருக்கிறார் என்றான் காவலன்.

அப்புறம் மன்னர் பேசிய மொழியை எந்தப் புலவரும் ஏட்டில் எழுத முடியாது. குழைக்காதர் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டார்.

திரும்பி வந்த மன்னர் முகத்தில் நிம்மதியும் கோபமும் சேர்ந்திருந்தன. புலவர் கைகட்டி நின்றார்.

“கதவருகே நின்றபோது மகாராஜா வாயில் யார் பெயர் இருந்தது?”

“உம் பெயர். நயனப்பர் பெயர். இந்த விதியைக் கொண்டுவந்த பாழாய்ப்போன கம்பெனியின் பெயர்.”

“நாட்டில் எல்லோர் வாயிலும் இப்போது அதுதான் இருக்கிறது மகாராஜா. வந்தவர் ஒருவரும் வெளியே போகவும் இல்லை. தாங்கள் கேட்ட பிராண்ட் தயார். இனி அடியேன் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லையே?”

மன்னர் முறைத்தார். திரைக்குப் பின்னால் ராணி முதலில் சிரித்தாள். பிறகு மன்னரால் அடக்க முடியவில்லை. வெளியே போகும் கதவை அஞ்சறையின் முதல் பக்கத்திலேயே வைக்கச் சொல்லி அப்போதே ஆணை போனது. நயனப்பரும் பானகம் குடித்திருந்தார். அவர் எழுந்தபோது, இன்று முடியும் வரை பழைய விதிதான் என்று சொல்லிவிட்டார் மன்னர்.

கதவு திறந்ததும் பலர் போனார்கள். கீரைக்காரி முதல் ஆளாகப் போனாள். தையில் அவளே திரும்பி வந்தாள். நினைத்தால் நிறுத்திக்கொள்ளலாமே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாளாம். கம்பெனிக்கு மெல்ல நல்ல பெயர் வந்தது. ஒரு விளம்பர வரியும் தேவைப்படவில்லை. புலவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

வீடு புலவருக்கே நிலைத்தது. செண்பகம் பெயரில் இருந்த சந்தாவை நிறுத்த இப்போது ஒரு தட்டுத் தட்டினால் போதும். அது அப்படியே இருக்கிறது. சீரகம் தீர்ந்தால் இன்னும் அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது.