பின்னால போகாத தேரு

ஒரு ஊர்ல ஒரு தேரு இருந்துச்சாம். மாரியாத்தா தேரு. பனைமரம் ஒசரம். ம் கொட்டு கண்ணு, அப்பத்தான் நகரும்.

வடம் பிடிச்சு இழுக்க ஆயிரம் பேரு இருந்தாலும், சக்கரத்துக்கு அடியில ஒருத்தர் கட்டையைச் சொருவுனாத்தான் தேரு திரும்பும். அந்த ஊர்ல முப்பது வருசமா கட்டை போட்டவரு சடையன். ஒரு வருசம் சக்கரம் ஏறி அவரு காலு ரெண்டும் போச்சு. அப்புறம் அவரு மக வேம்பு கட்டையைக் கையில எடுத்தா.

ஆனா பாரு, அந்தத் தேரு எல்லாத் தெருவுக்கும் போகும், சடையன் தெருவுக்கு மட்டும் போகாது. படுத்த எடத்துலேர்ந்து ஆத்தா மொகத்தை ஒரு தடவை பாத்துட்டாப் போதும்னு அழுவாரு மனுசன்.

வேம்பு போயி ஊர்ப் பெரியவர்கிட்ட கேட்டா. தெரு குறுகல்னாரு. தெருச்சனம் பூரா கூரையை வெட்டிச் சுருக்குச்சு. அப்புறம் ரெண்டாந்தடவை போனா. மேடுபள்ளம்னாரு. தொம்மு தொம்முன்னு இடிச்சு சமமாக்குனாங்க. மூணாந்தடவை போனா. அது வழக்கம் இல்லைன்னாரு. இதுக்கு எதை வெட்டுறது, எதை இடிக்கிறது?

தூங்கிட்டியா? ம் கொட்டு.

அப்போ தேர்நாளும் வந்துச்சு. டம்டம்டம்னு மேளம், கடகடகடன்னு தேரு. சடையன் தெருமுக்கு வந்ததும் வேம்பு குனிஞ்சா. மன்னிச்சுக்க ஆத்தான்னு சொல்லல, உள்ள வா ஆத்தான்னு சொன்னா. கட்டையைச் சாய்ச்சுச் சொருவுனா. கிரீ...ச்சுன்னு திரும்பி, தேரு தெருவுக்குள்ள பூந்துருச்சு.

பெரியவர் ஓடியாந்து, பின்னால இழுங்கடான்னு கத்துனாரு. ஒருத்தரும் அசையல. முன்னால போன தேரை யாராச்சும் பின்னால இழுப்பாங்களா?

வேம்பு நிமிந்து நின்னா. "வழக்கம்னீங்களே ஐயா. பின்னால இழுக்காததும் நம்மூரு வழக்கந்தான்."

அப்புறம் என்ன, அவரும் வடத்தைப் பிடிச்சாரு. ஆத்தா என்னைக்கும் யாரையும் வேண்டாம்னதில்ல கண்ணு, வேண்டாம்னது மனுசந்தான். சாமி கும்புடும்போது இதையும் நெனச்சுக்க.

சடையன் கட்டிலை வாசலுக்குத் தூக்கியாந்தாங்க. படுத்தபடியே கும்புட்டாரு, அழுதாரு. அப்புறம் சக்கரத்தைப் பாத்தாரு.

"கட்டை சரியா விழுந்துருக்கும்மா"ன்னாரு.

தேரு நெலைக்கு வந்தாச்சு, கதையும் வந்தாச்சு. கண்ணை மூடிக்க.