பீரங்கிக்கு நகராத செம்பி

ராணுவம் பீரங்கி சுட்டுப் பழகும் முட்காட்டில் ஓர் ஓநாய்க் கூட்டம் இருந்தது. வெளியாட்கள் நுழையக்கூடாது என்று சுற்றிலும் பலகை நட்டிருந்ததால், கண்ணி வைப்பவனும் வரமாட்டான், கல்லெறிபவனும் வரமாட்டான். முயலுக்கும் குறைவில்லை.

சிப்பாய்கள் வெட்டிவிட்டு மறந்துபோன பதுங்குகுழி ஒன்றில் செம்பி என்ற பெண் ஓநாய் நான்கு குட்டிகள் போட்டிருந்தாள். குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை.

அந்தக் குழியின் மேல் வக்கணையன் என்ற நரிக்கு வெகு நாளாக ஒரு கண். மழை ஒழுகாத வீடு யாருக்குத்தான் கசக்கும்? ஒரு நாள், அதுவரை பார்த்திராத பெரிய பீரங்கி ஒன்று காட்டுக்கு வந்தது. வக்கணையனுக்கு அது போதும். கூட்டத் தலைவன் நெடுங்காலனிடம் ஓடி, நாளைக்கு இங்கே ஓர் எறும்புகூட மிஞ்சாது என்று அழுதான். நெடுஞ்சாலைக்கு அப்பால் காவலே இல்லாத ஆட்டுப்பட்டி இருக்கிறது என்று வழியும் சொன்னான்.

கூட்டம் நடுங்கிவிட்டது. உடனே கிளம்ப வேண்டும் என்றான் நெடுங்காலன். அவன்தான் செம்பியின் புருஷன்.

செம்பி எழுந்திருக்கவில்லை.

"பீரங்கியோட வாய் எந்தப் பக்கம் இருக்குன்னு யாராவது பார்த்தீங்களா? சுண்ணாம்பு வட்டம் போட்ட மொட்டைக் குன்றைப் பார்த்து இருக்கு. எப்பவும் அவங்க அந்த வட்டத்தைத்தான் சுடுறாங்க. ஆட்டுக்காரன் நம்மளைத்தான் அடிப்பான்."

"பேசாம குட்டியைக் கவ்விக்கிட்டு வா!" என்று உறுமினான் நெடுங்காலன்.

நெடுஞ்சாலையில் லாரிகள் ஓய்வதே இல்லை. ஒரு தடவைக்கு ஒரு குட்டியைத்தான் அவளால் தூக்க முடியும்; மற்ற குட்டிகளைத் தூக்க யாரும் முன்வரவில்லை. நாலும் பிழைக்காது என்று செம்பிக்குத் தெரியும். வரமாட்டேன் என்றாள். பெற்ற தகப்பன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூட்டத்தோடு போனான்.

மறுநாள் காலை, சுடப்போவதற்கு அடையாளமாகச் சிவப்புக் கொடி ஏறியது. பீரங்கி முழங்க முழங்க, குழியின் மேலிருந்து மண் கொட்டியது. செம்பிக்கும் பயம்தான். ஆனாலும் குட்டிகளின் மேல் கவிழ்ந்து படுத்தவள் அசையவில்லை. ஒரு குண்டு பாக்கியில்லாமல் எல்லாம் மொட்டைக் குன்றிலேயே விழுந்தன.

சாயங்காலம் கொடி இறங்கியதும் வக்கணையன் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியேற வந்துவிட்டான். குழி வாசலில், தலை நிறைய மண்ணோடு செம்பி நின்றாள்.

நரிக்கு நாக்கு குழறியது. அக்காவை நலம் விசாரிக்க வந்ததாகச் சொன்னான்.

"குடும்பத்தோடயா?" என்றாள் செம்பி.

"நீ ஒத்தை ஆளு, அக்கா. நாளைக்கும் சுடுவாங்க" என்று அவன் மறுபடியும் ஆரம்பித்தான்.

"சுடட்டும். பீரங்கிக்கே நகராதவ, உனக்கா நகரப் போறேன்?"

பல்லைக் காட்டி ஓரடி முன்னால் வைத்தாள். நரிக் குடும்பம் ஓட்டம் பிடித்தது.

மூன்றாம் நாள் கூட்டம் திரும்பியது. ஒன்பது பேர் போனார்கள், ஆறு பேர்தான் வந்தார்கள். ஒருவனை லாரி அடித்துவிட்டது. காவலே இல்லாத பட்டியில் இருந்த ஏழு நாய்கள் இரண்டு பேரைக் குதறிவிட்டன. நெடுங்காலன் நொண்டிக்கொண்டே வந்து, உள்ளே வரலாமா என்று வாசலில் நின்று கேட்டான்.

"வாங்க. ஆனா, இங்கேயிருந்து கிளம்பணும்னா இனிமே நான்தான் சொல்லுவேன்" என்றாள் செம்பி.

வீட்டை விட்டு ஓடு என்று ஒருவன் பயமுறுத்தினால், ஆபத்து எங்கே இருக்கிறது, அந்த வீடு யாருக்கு வேண்டும் என்று நம் கண்ணால் பார்க்காமல் ஓரடிகூட நகரக் கூடாது.