மகளிர் விடுதிக்குள் வந்த ஆண் ஆக்சலாட்டில்

மகளிர் விடுதிக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. விலங்கியல் முதுகலை மாணவி நாச்சியார் இந்த விதியை மீறுகிற ஆளே அல்ல. அதனால்தான் வளர்ப்பு மீன்கடையில், தண்ணீரிலேயே வாழும் பல்லி மாதிரிப் பிராணியான ஆக்சலாட்டில் ஒரு ஜோடி வாங்கும்போதுகூட, "ரெண்டும் பொண்ணுதானே அண்ணே?" என்று கேட்டு வாங்கினாள். அக்கா தங்கச்சி என்று கடைக்காரர் சத்தியமே செய்தார். நாலு காலும், கழுத்தோரம் இறகு மாதிரிச் செவுளும், எந்நேரமும் சிரித்த வாயுமாக இரண்டும் தொட்டிக்குள் சமர்த்தாகத்தான் கிடந்தன. ஒருநாள் பார்த்தால், தொட்டிச் செடி முழுக்க ஜவ்வரிசி ஒட்டினாற்போல் முட்டை. அக்காவோ தங்கச்சியோ, ஒன்று ஆண்.

குஞ்சு பொரித்த பிறகு விஷயம் வார்டன் எஸ்தர் மேடம் காதுக்குப் போயிற்று. அவர் காலைச் சாப்பாட்டு நேரத்தில் மெஸ்ஸுக்கே வந்து, சாயங்காலத்துக்குள் தொட்டி, தாய், பிள்ளை எல்லாம் வெளியே போயாக வேண்டும் என்றார். இட்லித் தட்டோடு மொத்த விடுதியும் திரும்பிப் பார்த்தது.

நாச்சியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்தவன் ஒருத்தன், இடத்தைக் காலி பண்ண வேண்டியது பிள்ளை பெற்றவளா? ஆணை மட்டும் பிரித்தால் போதும், இல்லாவிட்டால் அவன் மறுபடி துரத்தித் துரத்தியே தாயை உருக்குலைத்துவிடுவான், அவளுக்கு வேண்டியது குளிர்ந்த தண்ணீரும் மண்புழுவும் ஓய்வும்தான் என்று ஒழுங்காகத்தான் வாதத்தைத் தொடங்கினாள். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நியாயம் எடுபடாது என்று தெரிந்ததும் நாச்சியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இந்த ஊர் வெயிலில் தொட்டியைக் குளிராக வைக்கப் பட்ட பாட்டை முதலில் எடுத்தாள். ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டுப் பார்த்தாளாம், போதவில்லையாம். ஜன்னலுக்கு ஈரப் போர்வை கட்டி, இரண்டு ஃபேனையும் தொட்டிப் பக்கம் திருப்பியதும் அறைக்குள் பனியே இறங்கிவிட்டதாம். கொடியில் கிடந்த சுடிதார் விறைத்துப்போய் ஆள் மாதிரி நின்றதாம். வருகை எடுக்க வந்த மேடம் அதைத்தான் ரஹ்மத் என்று எண்ணிக் கணக்கில் சேர்த்தாராம்.

அறைத்தோழி ரஹ்மத் இட்லியை வைத்துவிட்டு, அப்போது நான் ஊருக்கல்லவா போயிருந்தேன் என்றாள்.

"அதான் சொல்றேன். நீ இல்லாதது யாருக்குமே தெரியலை பாரு."

அடுத்து குஞ்சுகளின் பசி. உயிரோடு நெளிகிறதைத்தான் தின்னுமாம். விடுதித் தண்ணீர்த் தொட்டிகளில் இருந்த கொசுப்புழுவை அள்ளிப் போட்டாள், தீர்ந்தது. தெருத் தெருவாக அள்ளினாள், அதுவும் தீர்ந்தது. கொசுமருந்துப் புகை அடிக்கிறவர்கள் கும்பலாக வந்து, எங்கள் பிழைப்பில் மண் போடாதே தாயி என்று அழுதார்களாம். கடைசியில் மாவட்டத்திலேயே கொசு கிடையாதாம்.

எதிரே இருந்த குயிலி தன் முழங்கையில் பட்டென்று ஒன்றை அடித்து, உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள்.

"அது வெளிமாவட்டம்," என்றாள் நாச்சியார்.

கொசு தீர்ந்ததும் குஞ்சுகள் ஒன்றின் காலை ஒன்று கடித்துவிட்டன என்றும், கடிபட்ட கால் புதிதாக முளைத்துவிட்டது என்றும் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவள் சொன்னதில் கலப்படமே இல்லாத உண்மை அது ஒன்றுதான். அதற்குத்தான் மெஸ்ஸே விழுந்து விழுந்து சிரித்தது.

அந்த ஆத்திரத்தில்தான் அவள் எல்லை தாண்டினாள்.

"நம்பாட்டி போங்க. என் கட்டிலுக்கு ஒரு கால் உடைஞ்சிருந்துச்சு, மேடம். தொட்டியில மாத்தின தண்ணியை அதுல ஊத்தினேன். கால் முளைச்சிடுச்சு. இப்போ அஞ்சாவதுக்கு மொட்டு விட்டிருக்கு."

எஸ்தர் மேடத்தின் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

"ஸ்டோர் ரூம்ல கால் உடைஞ்ச கட்டில் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கு. ரிப்பேர் பண்ணச் சொல்லி ஆபீஸ்ல கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். ஆம்பளையை இப்பவே உங்க டிபார்ட்மென்ட் லேபுக்கு அனுப்பிடு. தாயும் பிள்ளைங்களும் இருக்கட்டும். கட்டில் எல்லாத்தையும் உன் ரூமுக்கு அனுப்புறேன். கடைசிக் கட்டிலுக்குக் கால் முளைச்சதும் தொட்டியைக் காலி பண்ணினா போதும்."