ராஜா கையில் ஒரு சொம்பு மோர்

முன்னொரு காலத்தில், வளைவு என்றாலே பிடிக்காத ஒரு ராஜா இருந்தார். பெயர் வீரகேது. அரண்மனை வாசலிலிருந்து ஆற்றங்கரைக் கோயில் வரை நூல் பிடித்தாற்போல் ஒரு வீதி போட்டார். வளைந்து வளைந்து போன பழைய பாதை புதருக்குள் மறைந்தது. தன் பல்லக்கு இந்த வீதியை விட்டு ஓரடி விலகினாலும், அதற்குக் காரணமானவர் எல்லை தாண்டிப் போக வேண்டும் என்று ஆணையும் போட்டார். ‘யாராயிருந்தாலும்’ என்று கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்தவர் பிரதானி கோளரிநாதர்.

பத்தே நாள். கோயிலுக்குப் போகும்போது பல்லக்கில் கண்ணயர்ந்த ராஜா, விழித்துப் பார்த்தார். வீதியைக் காணோம். பல்லக்கு ஓர் இலுப்பை மரத்தடியில் நின்றது.

முன்தண்டு பிடித்தவன் வேம்பன். ராஜா ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து அவரைச் சுமந்த தோள். அவனைச் சபையில் நிறுத்தினார்கள்.

“வழி தவறினாயா, வழி விலகினாயா?” என்றார் பிரதானி.

தவறினேன் என்றால் வேலை போகும். விலகினேன் என்றால் நாடே போகும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று குறுக்கே கேட்டான் விகடகவி உலகுடையான். பிரதானி இதற்காகவே காத்திருந்தவர்போல் திரும்பினார்.

“வித்தியாசத்தைச் சொல்லி, வேம்பன் செய்தது எது என்று நீரே நிரூபியும். நாளை உச்சிப்பொழுதுக்குள் முடியாவிட்டால், வேம்பனோடு நீரும் மூட்டை கட்டும்.”

ராஜா தலையசைத்துவிட்டார்.

உலகுடையான் நேரே பல்லக்குக் கொட்டிலுக்குப் போனான். பின்தண்டு பிடிப்பவர்களுக்கு எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. முன்னே போகிறவன் ‘கல்லு’, ‘பள்ளம்’, ‘வளைவு’ என்று குரல் கொடுக்க, அதைக் கேட்டுத்தான் கால் வைப்பார்கள். அன்றைக்கு வேம்பன் ‘வளைவு’ என்று குரல் கொடுத்தானா என்று விசாரித்தான். இல்லை என்றார்கள். அப்படியானால் எட்டுக் கால்களும் ஒன்றாகத் திரும்பியது எப்படி?

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: “உள்ளே இருக்கிறவங்க சாஞ்ச பக்கம் கால் தானாப் போகும், ஐயா. அவங்க அசைஞ்சதை வெளியே சொல்றது எங்க வழக்கமில்லை.”

மறுநாள் காலை ராஜாவைப் பல்லக்கில் ஏற்றி, திரைகளை மூடி, அவர் கையில் விளிம்புவரை மோர் நிரம்பிய ஒரு சொம்பைக் கொடுத்தான் உலகுடையான்.

“சிந்தாமல் பிடித்துக்கொள்ளுங்கள், மகாராஜா. யார் விலகினாலும் மோர் சொல்லிவிடும்.”

எது நடந்தாலும் நேராகவே போகும்படி வேம்பனுக்கு உத்தரவு. சாட்சியாக, பல்லக்கின் இடப்பக்கம் பிரதானி நடந்தார்.

பாதி வழி ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அப்புறம் காற்று திரும்பியது. இலுப்பைப் பூவின் தித்திப்பு வாசனை.

சளப்பென்று திரையைத் தள்ளிக்கொண்டு வந்த மோர் பிரதானியின் பட்டு அங்கவஸ்திரத்தில் விழுந்தது. வேம்பன் பல்லைக் கடித்துக்கொண்டு வீதி நடுவிலேயே நின்றான்.

திரையை விலக்கினார்கள். ராஜா இடப்பக்கம் சாய்ந்தபடி இருந்தார். அவருக்கே புரியவில்லை. புரிந்தபோது கண்கள் கலங்கின. அந்த மரத்தடியில்தான் அவருடைய தாயார் மோர்ப்பந்தல் வைத்திருந்தார். பழைய பாதையில் இந்த வளைவு வந்ததும், அம்மா முகத்தை முதலில் பார்த்துவிட எட்டிச் சாய்வது சின்ன ராஜாவின் வழக்கம். அம்மா அகப்பையும் கையுமாக நிமிர்ந்து பார்ப்பார். அவர் போய் இருபது வருஷம் ஆகிவிட்டது.

“தெரியாமல் போவது தவறுவது. தெரிந்தே விட்டுப் போவது விலகுவது,” என்றான் உலகுடையான். “வேம்பன் இரண்டையும் செய்யவில்லை. பல்லக்கு தங்கள் தாயாரைத் தேடிப் போனது, மகாராஜா.”

பிறகு திரும்பினான். “பிரதானி, ஆணையை வாசியும். நீர் சேர்த்த அந்தக் கடைசிச் சொல்லையும் விட்டுவிடாமல்.”

மோரைத் துடைத்தபடி வாசித்த பிரதானி, ‘காரணமானவர்’ வரைக்கும் வந்து நின்றுவிட்டார்.

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். ஓலையை வாங்கிக் கிழித்துப் போட்டார். முத்துமாலை உலகுடையானுக்கு. தோளில் கிடந்த சால்வை வேம்பனுக்கு. இலுப்பை மரத்தடியில் மறுபடி மோர்ப்பந்தல் போட்டு, முதல் மாதம் தன் கையாலேயே மோர் ஊற்றும் பொறுப்பு பிரதானிக்கு.

அதன்பின் அந்த இடம் வரும்போது வேம்பன் குரல் கொடுப்பதில்லை. ராஜா சாய்வார். எட்டுக் கால்களும் திரும்பும்.