உச்சிக் கிளையில் ஒருத்தி

குருவிக்கும் அணிலுக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஒரு கிளுவைச் செடி வேலியும் அதன் நடுவில் ஒரு வேப்பமரமும் இருந்தன. அங்கே குடியிருந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு வேலை. மரங்கொத்தி மற்றவர்களுக்குப் பொந்து செதுக்கிக் கொடுத்தது. காகம் செத்ததையும் அழுகியதையும் அள்ளிப் போய் இடத்தைச் சுத்தமாக வைத்தது. எறும்புகள் சிந்தியதைப் பொறுக்கின.

தவிட்டுக்குருவிகள் அக்காள் தங்கைகள் ஏழு பேர். மூன்றாவதாகப் பிறந்த தவுடாயிக்குக் காவல் வேலை. வேப்பமரத்து உச்சிக் கிளையில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பாள். வல்லூறு பாய வந்தால் கத்துவாள். எல்லாரும் வேலிக்குள் புகுந்துகொள்வார்கள். வானத்தைப் பார்ப்பவள் தரையில் இரை தேட முடியாது. ஆகையால் கீழே சருகு கிளறும் ஆறு பேரும் ஆளுக்கு ஒரு புழு அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். காலையில் ஆறு, மாலையில் ஆறு, மொத்தம் பன்னிரண்டு.

ஒரு கோடையில் நாற்பத்தொரு நாள் தவுடாயி ஒருமுறைகூடக் கத்தவில்லை.

அணில் சொன்னது: "மரங்கொத்தி வேலை செஞ்சா பொந்து தெரியுது. காக்கா வேலை செஞ்சா நாத்தம் போகுது. உங்க தவுடாயி என்ன அம்மணி பண்றா? காத்து வாங்கறா!"

மூத்தவள் சிரித்தாள். "அதானே! வாயே திறக்காம நாளுக்குப் பன்னெண்டு புழு. மேலே தூங்கறாளோ என்னவோ."

"கழுத்து நோகுதுன்னு நேத்துச் சொன்னாளே அக்கா," என்றாள் கடைசித் தங்கை பொடிச்சி. "தூங்கினா கழுத்து நோகுமா?"

"நீ சும்மா இருடி."

மறுநாள் காலை யாரும் மேலே போகவில்லை.

"ஏன்டி, எனக்கு இன்னும் வரலையே?" என்று தவுடாயி மேலிருந்து கேட்டாள்.

"பசிச்சா இறங்கி வந்து தின்னு. உனக்கும் ரெண்டு கால் இருக்குதில்ல?" என்றாள் மூத்தவள்.

தவுடாயி இறங்கவில்லை. அன்று பொடிச்சி மட்டும் மூத்தவளுக்குத் தெரியாமல் ஒரு புழு கொண்டுபோனாள். இரண்டாம் நாளும் ஒன்று. பன்னிரண்டு தின்ற வயிற்றுக்கு ஒன்று எம்மாத்திரம்? மூன்றாம் நாள் உச்சிவெயிலில் தவுடாயியால் பசியில் கிளையைப் பிடித்திருக்க முடியவில்லை. இறங்கி வந்தாள்.

ஏழு பேரும் தலையைக் கவிழ்த்து சருகைக் கிளறினார்கள். தவுடாயி மூன்று புழு தின்று முடித்தாள். நாலாவதைக் கொத்தும்போது சருகின் மேல் ஒரு நிழல் ஓடியது. கத்துவதற்கு மேலே ஆள் இல்லை. சிறகடித்த சத்தம் ஒன்றுதான் கேட்டது. வல்லூறு பொடிச்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

வேலிக்குள் ஒளிந்தவர்களை மூத்தவள் எண்ணினாள். ஆறு. கடைசியிலிருந்து திருப்பி எண்ணினாள். அப்போதும் ஆறுதான்.

பிறகு மூத்தவள், "தவுடாயி, நீ வயிறு நிறையத் தின்னு. நான் மேலே போறேன்," என்று சொல்லி உச்சிக் கிளையில் போய் உட்கார்ந்தாள்.

அந்தி சாய்வதற்குள் வல்லூறு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் உச்சியில் ஆள் பார்த்துக்கொண்டிருப்பதைத் தூரத்திலேயே கண்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனது. அவள் கத்த வேண்டிய தேவையே வரவில்லை. கீழே இருந்த யாருக்கும் அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

மூத்தவளுக்குக் கழுத்து நொந்தது.

தவுடாயி ஒரு புழுவைக் கவ்விக்கொண்டு மேலே வந்தாள். மூத்தவள் அதை வாங்கிக் கிளையில் வைத்தாள். "நாப்பத்தொரு நாளும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. சில நாள் மூணு தடவை வரும்."

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் முறை வைத்து ஒன்று மாற்றி ஒன்று மேலே காவல் இருக்கின்றன. கீழே மேய்பவை, எல்லாரும் இருக்கிறார்களா என்று ஓயாமல் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்கின்றன. வேலியோரம் அவற்றைப் பார்த்தால் எண்ணிப் பாருங்கள். தரையில் இருப்பவற்றை எண்ணி முடித்ததும் அண்ணாந்து பார்த்து இன்னொன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். அது சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும்.