நம்பி என்று பொறித்த கத்தி

“கத்தி செஞ்சவனுக்குக் கொலையில பங்கு உண்டா, அம்மா?”

மடத்துக்கு வந்த நாள் முதல் நம்பிராசன் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்த கேள்வி அது.

மடத்தை நடத்தும் அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“செத்தது யாரு?”

“எங்க ஊருப் பையன். அண்ணன்காரனே குத்திட்டான். வரப்புத் தகராறு. கத்தி என் பட்டறையில அடிச்சது.”

“அண்ணன் எங்க?”

“ஜெயில்ல.”

“நீங்க?”

“இங்க.”

அம்மை அடுத்த கட்டுக் கீரையைப் பிரித்தார்.

அம்மைக்கு நாற்பது வயது இருக்கும். நம்பிராசன் அறுபதைத் தாண்டியவர். ஆனாலும் மடத்தில் எல்லோரையும் போல அவரும் அம்மா என்றே கூப்பிட்டார்.

தான் அடிக்கும் கத்திகளில் ‘நம்பி’ என்று பெயரைச் சுருக்கி முத்திரை வைப்பது அவர் வழக்கம். நம்பி வாங்கலாம் என்று சந்தையில் அதற்கு ஒரு பேச்சே உண்டு.

கொலைக்குப் பிறகு ஊர்ப் பெண்கள் தங்கள் வீட்டுக் கத்திகளை அம்மியில் தேய்த்து அந்த எழுத்தை அழித்தார்கள். யாரும் அவரிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேய்க்கிற சத்தம் மட்டும் வீடு வீடாகக் கேட்டது.

அவர் பட்டறையைப் பூட்டினார். ஒரே ஒரு கத்தியை மடத்துச் சமையலுக்குக் காணிக்கையாக எடுத்து வந்தார். வருமுன் அதற்கு எண்ணெய் தடவி, நெருப்பில் காட்டி, அடி முதல் நுனி வரை கறுப்பு ஏற்றியிருந்தார். முத்திரை அந்தக் கறுப்புக்குள் போய்விட்டது.

சமையற்கட்டிலிருந்து உலகம்மாள் ஒரு பூசணித் துண்டோடு வந்தாள்.

“அம்மா, இந்த ஆசாரி குடுத்த கத்தியால நறுக்கினா பூசணிக்காய்க்கு மை தீட்டின மாதிரி இருக்கு. சாம்பார்ல போட்டா திருஷ்டி கழிச்ச காயின்னு எவனும் தொட மாட்டான்.”

அம்மை துண்டை வாங்கிப் பார்த்தார். பிறகு கத்தியைக் கேட்டு வாங்கி, அதன் பக்கவாட்டை விரலால் தடவினார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

“இதுக்கடியில என்னமோ இருக்கே?”

“என் முத்திரை.”

“கறுப்பை எடுத்திருங்க. முத்திரை இருக்கட்டும்.”

“ஆழமா வெட்டல, அம்மா. தேய்க்கிறப்ப அதுவும் சேர்ந்து போயிரும்.”

“போகாம இருக்க வழி இல்லையா?”

தொழில்காரன் வாய். பொய் சொல்ல வரவில்லை.

“எழுத்தைப் புளி அரிச்சிராம மெழுகு வெச்சு மூடிட்டு, புளிக்கரைசல்ல ஊறப்போடணும். சுத்தியிருக்கிற கறுப்பு மட்டும் கழண்டு வரும். எழுத்து நிக்கும்.”

“மெழுகு உக்கிராண அறையில இருக்கு.”

அவ்வளவுதான். அம்மை கீரைக்குத் திரும்பிவிட்டார்.

கொல்லையில் நம்பிராசன் மெழுகை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புளிச்சட்டியில் கத்தி கிடந்தது.

உலகம்மாள் எட்டிப் பார்த்தாள். “ரசத்துக்கு வெச்ச புளியை இரும்புக்கு ஊட்டுதீரோ? சாமியாராப் போக வந்தாலும் ஆசாரிக்குக் கத்திதான் பிள்ளை.”

அவள் போனாள்.

கறுப்பு கழன்றது. அடியில் எழுத்து தெரிய ஆரம்பித்தது. முதலில் ந. பிறகு முழுதும்.

அவர் சட்டியிலிருந்து கத்தியை எடுத்தார். துவைக்கிற கல்லில் அதைச் சாய்த்து வைத்துத் தேய்த்தார். ஊரில் கேட்ட அதே சத்தம் வந்தது. நிறுத்தவில்லை. இரும்பு வெறுமையாகும்வரை தேய்த்தார். மெழுகு அவர் மடியில் உருண்டையாகவே இருந்தது.

கத்தியை அம்மையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

“மெழுகு நிக்கல, அம்மா. முத்திரை போயிட்டு.”

“அப்படியா.”

அம்மை கத்தியை வாங்கும்போது அவர் கையைப் பார்த்தார்.

“கை நடுங்குதே. குளிருதா?”

சித்திரை மாதம். உச்சிவெயில். முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியாது.

“ஆமாம்,” என்றார் நம்பிராசன்.

அம்மை எழுந்து உள்ளே போனார். தன் கம்பளியைக் கொண்டுவந்து அவர் தோளில் போர்த்தினார். முனைகளை இழுத்துக் கழுத்தருகில் முடிந்துவிட்டார்.

“சாப்பாடு ஆறிரும். போங்க.”

பந்தியில் கம்பளியோடு உட்கார்ந்தார். வேர்வை இலையில் சொட்டியது.

மோர் ஊற்ற வந்த உலகம்மாள் நின்றுவிட்டாள். “என்னவே, உமக்கு மட்டும் மார்கழியா?”

பந்தி சிரித்தது. அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

அம்மை தாழ்வாரத்தில் இருந்தார். கத்தி அவர் பக்கத்தில் கிடந்தது.

“குளிரல, அம்மா.”

“சரி.”

“மெழுகு வைக்கவே இல்ல. நானேதான் தேய்ச்சு அழிச்சேன்.”

அம்மை கத்தியைத் திருப்பிப் பார்த்தார்.

“கை நடுங்கினதைப் பார்த்தீங்க. இந்த வெயில்ல குளிருதுன்னேன். ஒரு வார்த்தை கேக்காம எதுக்குக் கம்பளியைக் குடுத்தீங்க?”

“நீங்கதான குளிருதுன்னு சொன்னீங்க.”

நம்பிராசன் தரையில் உட்கார்ந்தார்.

“அவன் கையும் நடுங்குச்சு,” என்றார்.

“யாரு கை?”

“அந்த அண்ணன்காரன். கத்தி வாங்க வந்த அன்னிக்கு. கண்ணெல்லாம் செவந்திருந்தது. காய்ச்சலான்னு கேட்டேன். ஆமான்னான். கூர் பத்தலன்னான். சாணையில இன்னொரு தடவை பிடிச்சுக் குடுத்தேன்.”

“காய்ச்சல்னு சொன்னதை நம்புனீங்களா?”

அவர் கத்தியைப் பார்த்தார். வெறும் இரும்பு, வெயில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது.

“இல்ல.”

அம்மை கழுத்து முடிச்சை அவிழ்த்துக் கம்பளியை எடுத்துக்கொண்டார்.

“மடத்துல உளி இருக்கா, அம்மா?”

“எதுக்கு?”

“பேரு போடணும்.”